ரோலருக்குப் பின்னால் நடந்த குடும்பம்

டைட்டஸ் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் மண்டைக்காட்டு மாசிக் கொடைக்குப் பங்குனியில் போய்ச் சேரலாம் என்று நெய்யூர்ப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. நாகர்கோவிலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டிய அத்தனை வருடங்களிலும் அவர் எந்த வண்டியின் பின்னாலும் இடித்ததில்லை. இடிக்க வேண்டுமென்றால் முதலில் முன்னால் போகிற வண்டியை எட்ட வேண்டும். அந்தத் தப்பை அவர் செய்ததே கிடையாது. ரோட்டில் கோழி நின்றால் அது யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பார். அவரோடு டூட்டி விழுந்த கண்டக்டர்கள் மத்தியானச் சோற்றோடு ராத்திரிச் சோற்றையும் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இவருடைய குடும்பத்துக்குத்தான் ரத்தத்திலேயே வேகம் ஓடுகிறது என்று பெயர். ஊர் வைத்த பெயரில்லை. குடும்பமே கூடி, கைதட்டி, தீர்மானமாக நிறைவேற்றிக்கொண்ட பெயர். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு 'சோழவரம் ராயல்ஸ்' என்று பேர். முகப்புப் படத்தில் ஒரு சிவப்புப் பந்தயக் கார் புகையைக் கக்கிக்கொண்டு போகும். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு லீவு வாய்க்கிற நேரம் பார்த்து வருடத்துக்கு ஒரு தடவை குடும்ப ஐக்கியக் கூட்டம் உண்டு. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், தணிக்கையாளர் என்று ஆளாளுக்குப் பதவி. பதவியில்லாத உறுப்பினர் டைட்டஸ் ஒருவர்தான். கூட்டம் நடப்பதென்னவோ அவர் முற்றத்தில். பந்தல்காரனுக்குக் குழி தோண்ட இடம் காட்டுவதும், எல்லாரும் போன பிறகு பாயசத்தில் மொய்க்கிற எறும்பைக் கழுவிவிடுவதும் பதவியில் சேராத காரியங்கள்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே கல்கத்தா ரோட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே விமானம் இறங்குவதற்கு ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, பாதை வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. பிறகு அதில் காரும் மோட்டார் சைக்கிளும் பந்தயம் ஓடின. வருடா வருடம் ஜனம் திரண்டது. சோழவரம் என்றாலே பந்தயம் என்று ஆயிற்று. அந்தப் பாதை போட்ட நாட்களில் டைட்டஸின் அப்பா இஸ்ரவேல் அங்கே இருந்தார். இதுவரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை. அங்கே இருந்து என்ன செய்தார் என்பதில்தான் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறியது.

டைட்டஸுக்கு அப்பா சொன்னது சிறிய கதை. யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோய், திருவிதாங்கூர் ஜனம் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று கிடந்த சமயம். ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி ஒருவன் மூன்று நேரமும் அரிசிச் சோறு என்றான். வேறு எதையும் இஸ்ரவேல் கேட்டுக்கொள்ளவில்லை. கிடைத்த வண்டியில் தொற்றித் திருநெல்வேலி போய், அங்கே ரயில் ஏறி, சோழவரத்தில் இறக்கிவிட்டதும் கையில் ஒரு தகர வாளியைக் கொடுத்தார்கள்.

ஜல்லி பரப்பித் தார் விட்ட பிறகு மேலே ரோலர் ஓடும். சக்கரம் காய்ந்திருந்தால் தார் அதில் ஒட்டி, போட்ட ஜல்லியைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் சக்கரத்தை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரோலரோடு நடந்து சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது இஸ்ரவேலின் வேலை. அது முன்னால் போனால் இவரும் முன்னால் போவார். அது பின்னால் வந்தால் இவர் பின்னோக்கி நடப்பார், ஏனென்றால் முதுகைக் காட்டினால் சக்கரம் கண்ணில் படாது. கீழே சூடான தார், மேலே மெட்ராஸ் வெயில். ரோலர் என்ன வேகத்தில் போயிற்றோ அதுதான் இஸ்ரவேலின் வேகம். மகாயுத்தத்தில் அவர் பங்கு அவ்வளவே.

"வெமானமெல்லாம் கண்டிருப்பியளே அப்பா?" என்று டைட்டஸ் சின்ன வயதில் கேட்டிருக்கிறார்.

"சத்தம் கேட்டேன். நான் கீழயில்லா பாத்துட்டு நின்னேன்."

திரும்பி வந்த இஸ்ரவேல் அதற்குப் பிறகு எங்கேயும் வேகமாக நடந்ததில்லை. திங்கள்சந்தைக்குப் போனால் வழியிலுள்ள சின்னப் பாலத்துக் கலுங்குகளிலெல்லாம் ஒரு தடவை உட்கார்ந்து எழும்புவார். கூடப் போகிறவர்கள் அவசரப்படுத்தினால், "எனக்குள்ள நடையெல்லாம் அங்கயே நடந்தாச்சு மக்கா. இனி நடக்குதது ஓசி நடையாக்கும்" என்பார். காலையில் எழும்பும்போதே அப்போதுதான் வேலை முடித்து வந்தவரைப் போலிருப்பார். அந்த முகம் அப்படியே டைட்டஸுக்கு வந்தது. குடும்பத்தில் தலைமுறையாக இறங்கியது ஒன்று உண்டென்றால் அந்த அலுப்புதான். ஆனால் அலுப்பைப் பேராக வைத்து வாட்ஸ்அப் குழு தொடங்க யாருக்கும் மனம் வராது.

முதல் முன்னேற்றத்தைச் செய்தவர் டைட்டஸின் அண்ணன் ராஜகுமார். வாத்தியார் வேலைக்குத் தேர்வு எழுத மெட்ராஸ் போனவர், கூடப் படித்தவனோடு சோழவரம் பந்தயம் பார்க்கப் போனார். யாரோ ஒருவருடைய ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவை வீட்டில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஹெல்மெட்டுக்குள்ளே முகம் தெரியாது. ராஜகுமாருக்குத் தலைமையாசிரியர் பதவி வருவதற்குள் போட்டோவில் இருப்பவர் இஸ்ரவேல் ஆகிவிட்டார். "அப்பா ரோடு வேலைக்குப் போனாரு" என்பது "பட்டாளத்தில் இருந்தாரு" என்று மாறி, "ஏர்ஃபோர்ஸில் இருந்தாரு" என்றாகி, ராஜகுமாரின் மகன் பெனின் கல்யாணப் பேச்சு நடந்தபோது "விமானம் ஓட்டினாரு" என்று வந்து நின்றது. பெண் வீட்டார் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பக்கத்தில் டைட்டஸ் பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெனின் இப்போது வளைகுடாவில் இருக்கிறான். கார் பந்தயம் நடக்கிற மைதானத்தில்தான் வேலை. வாசலுக்கு வெளியே, பார்க்க வருகிறவர்களின் வண்டிகளை ஒழுங்காக நிறுத்தவைக்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர். குடும்பத்தில் பந்தயத்தோடு நேரடித் தொடர்பு உள்ளவன் அவன் ஒருவன். அவனுக்கும் காரை நிறுத்துகிற வேலை.

டைட்டஸின் மனைவி செல்லபாய் இந்தப் பெருமைகளில் கலந்துகொண்டதில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தாள். அவர்கள் பழகியதே பஸ்ஸில்தான். இரவு டூட்டி முடித்துக் காலையில் ஏறுவாள், ஜன்னலில் தலை சாய்த்ததும் உறங்கிவிடுவாள். முன்னால் எத்தனை தனியார் பஸ் பறந்தாலும் ஏறமாட்டாள். ஒரு நாள் இறங்கும்போது டிரைவர் பக்கம் வந்து, "ஒங்க வண்டியிலதான் எனக்கு ஒறக்கம் வருது. குலுக்கமாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். டைட்டஸைப் பற்றி அரசும் மக்களும் சொன்னவற்றில் நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அவளையே கட்டிக்கொண்டார்.

செல்லபாய் நோயில் விழுந்து இறந்தபோது வீட்டுக்குக் கிழக்கே பலாமரத்தடியில் அடக்கினார்கள். அந்தப் பக்கத்து வழக்கம். வீட்டு ஆட்கள் வீட்டை விட்டு ரொம்ப தூரம் போவதில்லை. பலாமரத்திலிருந்து வரிசையாக அம்மா, அப்பா, பிறகு ஓர் ஆள் கிடக்கிற இடம், அதன் பிறகு செல்லபாய். நடுவில் விட்ட இடத்தைக் குழி வெட்டியவர்களிடம் டைட்டஸ்தான் கேட்டு விடச் செய்தார். ஒரு பக்கம் நடந்து களைத்த அப்பா, இன்னொரு பக்கம் உறங்கிக் களைப்பாறுகிற செல்லபாய், இடையில் தான். பென்ஷன் வாங்கிய பிறகும் இடுப்பு வலியில் உறக்கம் வராமல் புரளுகிற அவருக்கு, உலகத்தில் ஆசை என்று சொல்ல அந்த ஒரு துண்டு மண்தான் மிச்சம்.

அந்த மண்ணுக்குத்தான் இந்த வருடக் கூட்டத்தில் ஆபத்து வந்தது.

ஈஸ்டர் கழிந்த வாரம். பந்தலுக்குள் மின்விசிறி சூட்டைச் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் பங்குவைத்துக்கொண்டிருந்தது. தலைவர் ராஜகுமார் வரவேற்றுப் பேசினார். செயலாளர் பெனின் எழுந்து, தாத்தாவுக்கு நினைவிடம் கட்டப்போவதாக அறிவித்துக் கைப்பேசியில் ஒரு படத்தை எல்லாருக்கும் காட்டினான். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஓடு பதித்த மேடை. பந்தயம் முடிகிற இடத்தில் வீசுகிற கொடி மாதிரி. நடுவில் உயரமாக ஒரு படி, இரண்டு பக்கமும் அதைவிடத் தாழ்ந்து இரண்டு படிகள்.

டைட்டஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்னதுடே பெனினே, படிக்கெட்டா?"

"விக்டரி ஸ்டாண்ட் சித்தப்பா. ரேஸ்ல ஜெயிச்சவங்க ஏறி நிக்கது. நடுவுல தாத்தா ஃபர்ஸ்ட். இந்தப் பக்கம் பாட்டி செகண்ட்."

ஆறு பிள்ளை பெற்று, மரச்சீனி வாட்டி, புருஷன் உட்கார்ந்த கலுங்குகளிலெல்லாம் தலைச்சுமையோடு நின்று காத்திருந்த அம்மாவுக்கு இரண்டாம் பரிசு. டைட்டஸ் அதைக் கூட விட்டுவிட்டார்.

"அப்போ இந்த மூணாவது ஆருக்கு?"

"அது ஆருக்கும் இல்ல. மேச்சுக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்காண்டாமா?"

"அது எனக்க எடமாக்கும்."

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏலே டைட்டஸு, நல்ல காரியம் பேசும்போ அபசகுனம் பேசாத," என்றார் ராஜகுமார்.

"நான் இப்பம் சாவப்போறேன்னு சொல்லலண்ணா. செத்தா கெடக்குத எடம் அதுன்னு சொல்லுகேன்."

"நெகட்டிவா திங்க் பண்ணாதீங்க சித்தப்பா. ஒங்களுக்கு எடமா இல்ல? சித்திக்கு அந்தப் பக்கம் மதிலோரமா எடுக்கலாம்."

"அங்க கக்கூஸ் டேங்கு கெடக்கு மக்கா."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும்பி, அடங்கியது. பெனின் சிரிக்கவில்லை. "டேங்கை மாத்திக்கலாம். அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்," என்றான். யாருக்கும் இல்லாத மூன்றாம் படியைக் கட்ட, உயிரோடிருப்பவனின் கக்கூஸை மாற்ற முடிவாயிற்று. டைட்டஸ் நாற்காலியில் சாய்ந்தார். சண்டை போடுவதற்கு முதலில் எழும்பி நிற்க வேண்டும். நின்றால் இடுப்பு வலிக்கும்.

கல்லில் என்ன பொறிப்பது என்று பேச்சு வந்தது. 'போர் விமானி, கார் பந்தய முன்னோடி' என்று பெனின் வாசித்தான். கைதட்டினார்கள்.

"ரோலருக்கு வெள்ளம் ஊத்தினவரு அவரு," என்றார் டைட்டஸ். "அதையும் ஒரு ஓரத்தில போடலாம்லா?"

"கல்லுல எடம் இல்ல சித்தப்பா."

"ஏன்டே, இவ்ளவு நீளத்துக்கு இல்லாதது எழுத எடம் கெடக்கு. உள்ளதுக்கு எடமில்லியா?"

"விடு டைட்டஸு," என்றார் ராஜகுமார். "வெள்ளம் ஊத்தினாருன்னு எழுதினா, காணுதவன் என்ன நெனைப்பான்?"

"வெள்ளம் ஊத்தினாருன்னு நெனைப்பான்."

உடனே நன்றியுரை நடந்தது.

தீர்மானம் ஜனநாயகப்படி குழுவில் ஓட்டுக்கு விடப்பட்டது. பெருவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று குவைத்திலிருந்து வந்திருந்தது. அங்கே நர்ஸாக இருக்கிற லிஜா, டைட்டஸின் ஒரே மகள், போட்டது. அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லபாயின் பெருவிரலும் இப்படித்தான் நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. படத்தில் எல்லார் பெருவிரலும் அப்படித்தான் இருந்தது.

மறுநாளே கொத்தனார் வைகுண்டராஜன் வந்தார். நெற்றியில் நாமமும் காதில் செருகிய பென்சிலுமாக வரிசையை இரண்டு தடவை சுற்றிவந்தார். பெனின் கொடுத்த படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது கல்லறையா, இல்ல பள்ளிக்கூடத்துல பிள்ளியளுக்கு மெடல் குத்துத மேடையா?"

"எனக்கிட்ட கேக்காதீரும். நான் வீட்டுக்காரன். அவன் செயலாளர்."

"மூணாவது படிக்கு அடியில ஆருமில்லியே?"

"இப்பம் இல்ல."

வைகுண்டராஜன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நூல் கட்டினார். நூல் அம்மாவின் தலைமாட்டிலிருந்து கிளம்பி, அப்பாவையும் டைட்டஸின் இடத்தையும் சுற்றிக்கொண்டு, செல்லபாயின் கால்மாட்டில் போய் முளைக்குச்சியில் முடிந்தது. டைட்டஸ் வேலைக்காரர்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். தன் இடத்தில் மண் வெட்டுகிறவனுக்கும் அவர் கையாலேயே சர்க்கரை கலக்கினார்.

பெனின் லீவு முடிவதற்குள் வேலை ஓடியது. செங்கல் கட்டி, கான்கிரீட் போட்டு, சாந்து பூசி, மூன்று படிகளும் நிமிர்ந்தன. அந்தக் குடும்பத்தில் உண்மையாகவே வேகமாக நடந்த காரியம் அந்தக் கட்டடம் ஒன்றுதான். ஓடு பதிப்பது, கல்லை நிறுத்துவது எல்லாம் பிறகு. வைகுண்டராஜன் கிளம்பும்போது பெனினிடம் சொன்னார்:

"ரெண்டு வாரம் காலத்தயும் சாயங்காலமும் நல்லா வெள்ளம் ஊத்தணும். சித்திரை வெயிலாக்கும். நனைக்காம விட்டா சாந்து பொரிஞ்சு, சிமிட்டியெல்லாம் மண்ணாட்டு உதிந்துரும். பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

பெனின் பொறுப்பானவன். அதை அப்படியே வைகுண்டராஜன் குரலிலேயே பதிவு செய்து குழுவில் போட்டான். இருபது பெருவிரல்கள் வந்தன. இணைச் செயலாளர் இரண்டு போட்டார். அன்று சாயங்காலமே பெனின் திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறப் போனான். ராஜகுமார் நாகர்கோவில் வீட்டுக்குப் போனார். மற்றவர்கள் அவரவர் ஊருக்கும் பதவிக்கும் திரும்பினார்கள். தண்ணீர் ஊற்றிய மனிதனுக்கு நினைவிடம் கட்டிய குடும்பம், நினைவிடத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதைப் பேச மறந்துவிட்டது.

முற்றத்தில் கிணறும், கிணற்றடியில் ஒரு வாளியும், டைட்டஸும் மிச்சம்.

முதல் நாள் காலையில் அவர் முணுமுணுத்துக்கொண்டே கிணற்றில் இறைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து நடுப்படிக்கு ஊற்றினார். சிமெண்ட் சீறிக்கொண்டு குடித்தது. இன்னொரு வாளி கொண்டுவந்து அம்மாவின் படிக்கு ஊற்றினார். அப்பாவின் படியைச் சுற்றி வருகையில் முதுகு காட்டாமல் பின்னோக்கி நடப்பதை அவரே கவனித்து நின்றார். "சவத்த விடு," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மூன்றாவது வாளிக்கு மூச்சு வாங்கியது. அதில் கொண்டுவந்த தண்ணீரோடு மூன்றாம் படியைத் தாண்டிப் போய், செல்லபாயின் தலைமாட்டில் வாடிக்கிடந்த நித்தியகல்யாணிச் செடிக்கு ஊற்றிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் நாள் அது அசதிதான். இரண்டாம் நாளும் அசதி என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு சாயங்காலமும் அப்பாவும் அம்மாவும் நனைந்தார்கள், செடி நனைந்தது, அவற்றுக்கிடையே மூன்றாம் படி மட்டும் மாதிரிக்குக்கூட ஒரு சொட்டு காணாமல் காய்ந்தது என்றால், அதை என்னவென்று சொல்வது? மேலே இடி குமுறும். மேகம் கேரளா பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும். டைட்டஸ் வாளியை வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். மழை பெய்திருந்தால் அவர் ஒன்றும் செய்திருக்க முடியாது. பெய்யவில்லை.

பக்கத்து வீட்டு சபிதா துணி காயப்போட வந்தவள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அதுக்கு ஊத்தலியா? வெடிச்சு நிக்கே."

"அது ஆருக்கும் உள்ளதில்ல பிள்ளே. மேச்சுக்கு நிக்குது. அதுக்கு எதுக்கு வெள்ளம்?"

சபிதா அவர் முகத்தையும் படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுத்தாள். "நான் ஒண்ணும் காணல," என்று சொல்லித் துணியை உதறினாள்.

ஓடு அடுக்கிய பெட்டிகளும் எழுத்து வெட்டிய கல்லுமாக வைகுண்டராஜன் திரும்பி வந்தபோது அப்பாவின் படி கரும்பாறை மாதிரி இருந்தது. கரண்டிக் காம்பால் தட்டினார், கணீரென்றது. அம்மாவின் படியும் அப்படியே. மூன்றாவதைத் தட்டினார். பொத்தென்று ஒரு சத்தம். பூச்சு ஒரு பாளமாகக் கையோடு வந்தது. அடியில் செங்கல் சந்திலிருந்து சாந்து மாவாகக் கொட்டியது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைப் பார்த்தார், டைட்டஸைப் பார்த்தார்.

"அண்ணாச்சி..."

"சாயா குடிக்கியா?"

"இதுமேல ஓடு நிக்காது. பொளந்துதான் எடுக்கணும்."

"பொளக்கணும்னா பொளக்கத்தான் வேணும்," என்றார் டைட்டஸ், ரொம்ப வருத்தப்பட்டவரைப் போல.

வைகுண்டராஜன் படத்தோடு பெனினுக்குச் செய்தி அனுப்பினார். சாயா ஆறுவதற்குள் பெனின் கூப்பிட்டான். முகம் கைப்பேசித் திரை நிறைய சிவந்திருந்தது. பின்னால் யாரோ ஒருவருடைய நீளமான கார் பின்னுக்கு வந்து கோட்டுக்குள் நின்றது.

"சித்தப்பா, வெள்ளம் ஊத்தணும்னு சொன்னதுல்லா? குரூப்ல போட்டேன்லா? எல்லாரும் ஓகே போட்டாங்க."

"போட்டாங்க மக்கா. நானும் பாத்தேன்."

"பொறவு ஆரு ஊத்தினா?"

"நம்ம குடும்பத்துலயா?" டைட்டஸ் சுவரில் சாய்த்து வைத்திருந்த கருங்கல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். எழுத்துகளில் தங்க வண்ணம் மின்னியது. "நம்ம குடும்பத்துல வெள்ளம் ஊத்துதவன் ஆருமில்லன்னு கல்லுல வெட்டியாச்சேடே. நாமெல்லாம் வெமானம் ஓட்டுதவங்க."

பெனின் கேட்டான்: "அப்போ மத்த ரெண்டும் எப்பிடி நல்லா இருக்கு?"

"அதுல ஆளு கெடக்கு. அவங்க கேட்டாங்க, ஊத்தினேன்."

வளைகுடாவில் யாரோ பெனினை நோக்கி ஹாரன் அடித்தார்கள். வண்டி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது போல. "சித்தப்பா, அதைப் பொளந்துட்டு திரும்பக் கெட்டச் சொல்லுகேன்," என்றான்.

"கெட்டு. வேண்டாம்னு நான் சொல்லல. ரெண்டு வாரம் ரெண்டு நேரமும் வெள்ளம் கோர ஒரு ஆளை அனுப்பு. எனக்குள்ளது தீந்துபோச்சு மக்கா. நெசமாட்டு தீந்துபோச்சு. எனக்க அப்பனும் ஊத்தினாரு, நானும் ஊத்தியாச்சு. இனி பதவி உள்ளவங்க ஊத்தட்டு."

குழுவில் அன்றைக்குப் பேச்சு சூடாக ஓடியது. தண்ணீர் ஊற்ற யார் வரலாம் என்று பெனின் கேட்டதும் ஆறிவிட்டது. பொருளாளருக்குச் சர்க்கரை வியாதி. தணிக்கையாளர் பேரன் ஞானஸ்நானத்துக்காக வெளியூரில் இருந்தார். துணைத் தலைவர் பைப் போடலாமே என்று யோசனை சொன்னார். பைப்பை யார் திறந்துவிடுவது என்று கேட்டதும், பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் காணாமல் போனார். இரண்டு நாள் கழித்துத் தலைவர் ராஜகுமார் முடிவை அறிவித்தார்: நினைவிடத்தின் முதல் கட்டம் சிறப்பாக நிறைவுற்றது. இரண்டாம் கட்டம் காலம் கூடிவரும்போது.

அன்று சாயங்காலம் லிஜா கூப்பிட்டாள். இரவு டூட்டிக்குப் போகுமுன் தலை வாரிக்கொண்டே பேசினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அப்பா, இப்பமாக்கும் எல்லாம் வாசிச்சேன். அன்னைக்கு டூட்டி முடிஞ்சு வந்து, பஸ்ஸில இருந்துட்டு எல்லாத்துக்கும் ஒண்ணா விரலை அமுக்கிட்டு ஒறங்கிட்டேன். அது ஒங்க எடம்னு பாக்கலப்பா."

டைட்டஸுக்கு அவள்மேல் கொஞ்சம் வருத்தம் சேர்த்து வைத்திருந்தது உண்மை. அதைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"பஸ்ஸில ஒறக்கம் வருதா பிள்ளே?"

"எங்கப்பா. இங்க உள்ளவனுவ பறக்கானுவ. தலை சன்னல்ல இடிக்கும்."

"ம்," என்றார் டைட்டஸ். சீப்பைப் பிடித்திருந்த அவள் விரல் திரையில் தெரிந்தது. "ஒனக்கு அம்மைக்க பெருவெரலு," என்றார். அவள் எதற்கு இதைச் சொல்கிறார் என்று தெரியாமல் சிரித்தாள்.

மறுநாள் வைகுண்டராஜன் இரண்டு படிகளில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடு பதித்தார். கல்லை நிறுத்தினார். விமானி இஸ்ரவேல் முதலிடத்திலும் அவருடைய மனைவி இரண்டாம் இடத்திலும் வெயிலில் பளபளத்தார்கள். வழியே போனவர்கள் வேலிக்கு வெளியே நின்று, மூன்றாவதாக யார் வந்தது என்று கேட்டார்கள். "வந்துட்டு இருக்கான்," என்று டைட்டஸ் சொன்னார். "அவன் பைய வருதவன்."

கடைசியாக உடைக்கிற வேலை மட்டும் பாக்கி. வைகுண்டராஜனின் ஆள் சம்மட்டியோடு மூன்றாம் படியைப் பிளந்து, இடிசலைக் கூடையில் அள்ளி மதிலோரம் கொட்டினான். மத்தியானத்துக்குள் அடிச்செங்கல் வரைக்கும் வந்து, பழைய மண் வெளியே தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த வைகுண்டராஜன் கண்டது, இடிசல் அள்ளிய இடத்தில் ஓலைப்பாயை விரித்து, தோளில் கிடந்த துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, அப்பாவின் கட்டம் போட்ட ஓட்டில் ஒரு கையும் செல்லபாயின் சிமெண்ட் விளிம்பில் ஒரு கையுமாக டைட்டஸ் மல்லாந்து கிடந்ததை. பலா நிழல் அவர்மேல் விழுந்திருந்தது. லேசான குறட்டை.

"அண்ணாச்சி," என்று கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு கல்லு பேத்தெடுக்கணும். பொடி பறக்கும், எழும்புங்கோ."

டைட்டஸ் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீரு போயி ஒரு சாயா குடியும் ஓய். நான் பைய எழும்புகேன்."